லூசி வில்ஸ்

லூசி வில்ஸ் (மே 10, 1888 – ஏப்ரல் 16, 1964) இங்கிலாந்தைச் சேர்ந்த குருதியியல் மருத்துவர் ஆவார். 1928 முதல் 1933 வரை பம்பாய், குன்னூர், சென்னை ஆகிய இடங்களில், கருவுற்ற ஏழைப் பெண்களைத் தாக்கிய ஒருவகை இரத்தசோகையை இவர் ஆராய்ந்தார். அந்நோயைத் தீர்க்கும் ஊட்டப்பொருள் ஒன்று ஈஸ்ட் சாற்றிலும் ஈரலிலும் உள்ளதைக் கண்டறிந்தார். வில்ஸ் காரணி என்று பெயர் பெற்ற அப்பொருள், பின்னாளில் போலிக் அமிலம் என்று அடையாளம் காணப்பட்டது. எலும்பு மச்சையில் குருதியணுக்கள் உருவாவதற்கு இது இன்றியமையாத உயிர்ச்சத்தாகும். எலிகளையும் குரங்குகளையும் கொண்டு குருதியாக்கத்தை ஆராய்ந்த தொடக்ககால அறிஞர்களுள் ஒருவராகவும் இவர் கருதப்படுகிறார்.

இளமையும் கல்வியும்

லூசி வில்ஸ் இங்கிலாந்தில் பர்மிங்காம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டு என்னும் ஊரில் பிறந்தார். தந்தை வில்லியம் லியோனார்டு வில்ஸ் அறிவியல் பட்டதாரி. அவருடைய குடும்பம் அரிவாள் முதலிய வெட்டுக்கருவிகளைச் செய்யும் தொழிலை நடத்தி வந்தது. தாய் கெர்ட்ரூடு, பர்மிங்காம் மருத்துவர் ஒருவரின் மகள். நிலவியல், தாவரவியல் ஆகிய துறைகளில் வீட்டில் இருந்த ஈடுபாடு பிள்ளைகளிடமும் தொடர்ந்தது. இவருடைய தமையன் லியோனார்டு ஜான்ஸ்டன் வில்ஸ் பின்னர் புகழ்பெற்ற நிலவியலாளர் ஆனார்.

பெண்களுக்கு அறிவியலும் கணிதமும் கற்பித்த சில பள்ளிகளுள் ஒன்றான செல்ட்டனம் மகளிர் கல்லூரியில் 1903 இல் சேர்ந்தார். 1907 இல் கேம்பிரிட்ஜின் நியூனம் கல்லூரிக்குச் சென்று தாவரவியலும் நிலவியலும் பயின்றார். 1911 இல் இரண்டாம் வகுப்பில் தேறினார். எனினும் அக்காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களைத் தேர்வெழுத விட்டதேயன்றிப் பட்டம் வழங்கவில்லை. பெண்களுக்கு முழுப் பட்டம் 1948 முதலே அங்கு கிடைத்தது.

1911 இல் தந்தையும் 1913 இல் சகோதரி ஈடித்தும் இறந்தனர். 1913 இல் தாயுடன் இலங்கைக்குச் சென்று வந்தார். அடுத்த ஆண்டு தம்பி கோர்டனுடன் தென்னாப்பிரிக்கா சென்றிருந்தபோது முதல் உலகப் போர் தொடங்கியது. கேப் டவுன் மருத்துவமனை ஒன்றில் சில வாரங்கள் தன்னார்வச் செவிலியாகப் பணியாற்றினார். நாடு திரும்பியதும் மருத்துவம் படிக்க முடிவு செய்தார்.

மருத்துவப் படிப்பு

1915 சனவரியில் இலண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். ராயல் ஃப்ரீ மருத்துவமனையுடன் இணைந்திருந்த இப்பள்ளிக்கு இந்தியாவுடன், குறிப்பாகச் சென்னையுடன், நெருங்கிய தொடர்பு இருந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875 இல் சேர்ந்த முதல் மாணவியருள் ஒருவரும், சென்னையில் பெண்களுக்கென மருத்துவமனை நிறுவியவருமான மேரி ஷார்லீப் இப்பள்ளியில் பயின்று, பின்னர் இங்கேயே கற்பித்தவர். இந்தியாவின் முன்னோடிப் பெண் மகப்பேற்று மருத்துவர்களுள் ஒருவரான ஜெருஷா ஜிராத்தும் வில்ஸின் காலத்தில் இங்கு படித்தார்.

வில்ஸ் 1920 இல் மருத்துவப் பட்டம் பெற்றபோது அவருக்கு வயது 32. தனியாக மருத்துவத் தொழில் செய்ய அவர் விரும்பவில்லை. ராயல் ஃப்ரீ மருத்துவமனையின் நோயியல் துறையில் சேர்ந்து, கருவுற்ற காலத்தில் உடலின் வளர்சிதை மாற்றங்கள் எவ்வாறு அமைகின்றன என்பதை ஆராயத் தொடங்கினார். தாவரவியல் பயிற்சியும் ஆய்வுக்கூட அனுபவமும் பின்னாளில் இந்தியப் பணிக்குக் கைகொடுத்தன.

இந்தியாவுக்கு வருகை

1920களில் இந்தியாவில் மகப்பேற்றின்போதும் அதற்கு முன்னும் பின்னும் இறந்த பெண்களின் எண்ணிக்கை மிகுதியாக இருந்தது. இதற்கான காரணங்களை ஆராய, பம்பாயிலுள்ள ஹாஃப்கின் நிறுவனத்தில் தாய்மார் இறப்பு விசாரணை ஒன்று நடைபெற்றது. அதில் இரத்தசோகையை ஆராயுமாறு மருத்துவர் மார்கரெட் பால்ஃபர் லூசி வில்ஸை அழைத்தார். லேடி டாட்டா நினைவு அறக்கட்டளை நிதி உதவியது. 1928 இல் வில்ஸ் பம்பாய் வந்து சேர்ந்தார்.

அவர் ஆராய வேண்டியிருந்த நோயை அன்றைய மருத்துவர்கள் கருவுற்றோரின் கொடிய இரத்தசோகை என்று அழைத்தனர். நோயுற்ற பெண்ணின் உடல் வெளிறும், மூச்சு வாங்கும், செங்குருதியணுக்களின் எண்ணிக்கை வெகுவாகக் குறையும். எஞ்சியிருக்கும் அணுக்களோ இயல்பைவிடப் பெரியனவாக இருக்கும். பேறுகாலம் நெருங்கும்போது பலர் இறந்தனர். பம்பாயின் துணி ஆலைகளில் வேலை செய்த பெண்களிடம் இந்நோய் மிகுதியாகக் காணப்பட்டது.

இது தொற்றுநோயாக இருக்கலாம் என்ற ஐயமும் அப்போது இருந்தது. வில்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் நோயாளிகளின் குருதியையும் கழிவுகளையும் சோதித்தனர். நோய்க்குக் காரணமான கிருமி எதுவும் கிடைக்கவில்லை. பின்னர் அவர்களுடைய கவனம் பெண்களின் உணவின்மீது திரும்பியது. பம்பாயின் பல்வேறு சமூகங்களையும் வருவாய்ப் பிரிவுகளையும் சேர்ந்த பெண்கள் என்ன உண்கின்றனர், எவ்வாறான வீடுகளில் வாழ்கின்றனர் என்பது கணக்கெடுக்கப்பட்டது. காய், கனி, பால், இறைச்சி ஆகியவை மிகக் குறைந்த உணவை உண்ட ஏழை முசுலிம் பெண்களிடையே நோய் கூடுதலாகவும், நல்ல உணவு உண்ட வசதி படைத்தோரிடையே குறைவாகவும் இருப்பது தெரிந்தது.

எலிகளில் ஆய்வு

உணவுக் குறையே நோய்க்குக் காரணம் என்பதை உறுதிசெய்ய வில்ஸ் வெள்ளை எலிகளைப் பயன்படுத்தினார். பம்பாயின் ஏழைப் பெண்கள் உண்ட உணவைப் போன்ற குறையுணவு அவற்றுக்குக் கொடுக்கப்பட்டது. எலிகளுக்கு இரத்தசோகை உண்டானது. சினையுற்ற எலிகள் ஈனுவதற்கு முன்பே இறந்தன. உணவுடன் ஈஸ்ட் சேர்க்கப்பட்ட எலிகள் நோயுறவில்லை. மனிதரில் காணப்பட்ட நோய் எலிகளில் அப்படியே தோன்றிவிட்டது போலவே இருந்தது.

ஆனால் எலிகளின் குருதியை நுண்ணோக்கியில் பார்த்தபோது வேறொன்றும் புலப்பட்டது. அவற்றின் செங்குருதியணுக்களின்மேல் அக்காலத்தில் பார்டோனெல்லா என்று அழைக்கப்பட்ட நுண்ணுயிர்கள் இருந்தன. இந்நுண்ணுயிரை ஓர் எலியிடமிருந்து மற்றோர் எலிக்குப் பரப்புவது எலிப்பேன். நல்ல உடல்நிலையிலுள்ள எலியில் இத்தொற்று வெளியே தெரியாமல் இருக்கும். உடல் நலிந்தாலோ மண்ணீரலை அகற்றினாலோ அது தலைதூக்கிச் செங்குருதியணுக்களை அழிக்கும். எனவே எலிகளின் இரத்தசோகை முழுவதையும் உணவுக் குறையின் நேரடி விளைவாகக் கொள்ள முடியாது. குறையுணவு எலிகளை நலிவித்தது. நலிந்த எலிகளை மறைந்திருந்த தொற்று தாக்கியது. பெண்களிடம் குருதியணுக்கள் சரிவர உருவாகவில்லை. எலிகளிலோ உருவான அணுக்கள் அழிந்து கொண்டிருந்தன. வெளித்தோற்றத்தில் இரண்டும் இரத்தசோகையே எனினும் உள்ளே நிகழ்வது வேறு.

வில்ஸ் இதனை மறைக்கவில்லை. மேத்தா என்ற ஆய்வாளருடன் இணைந்து 1930 இல் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பிலேயே பார்டோனெல்லா இரத்தசோகை என்பது குறிப்பிடப்பட்டது. மனிதரின் நோய்க்கு நெருக்கமான மற்றொரு விலங்கைத் தேடி, பின்னர் ரீசஸ் குரங்குகளைக் கொண்டு ஆய்வைத் தொடர்ந்தார்.

குன்னூரும் சென்னையும்

1929 ஏப்ரல் முதல் அக்டோபர் வரை வில்ஸ் தமது ஆய்வை நீலகிரியிலுள்ள குன்னூருக்கு மாற்றிக்கொண்டார். 1907 இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனம் வெறிநாய்க்கடித் தடுப்பு மருந்துக்காகப் பெயர் பெற்றது. ராபர்ட் மெக்கரிசன் அங்கு ஊட்டச்சத்து ஆய்வை நடத்தி வந்தார். இந்தியாவின் பல பகுதி மக்களின் உணவுகளை எலிகளுக்குக் கொடுத்து அவற்றின் வளர்ச்சியை ஒப்பிட்டவர் அவர். கோதுமை, பால், காய்கறி கலந்த வடமேற்கு இந்திய உணவை உண்ட எலிகள் நன்கு வளர்ந்ததையும், தீட்டிய அரிசியை முதன்மையாகக் கொண்ட சென்னை மாகாண உணவை உண்டவை நலிந்ததையும் அவர் காட்டினார். இவ்வாய்வுக்கூடம் பின்னர் 1958 இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பட்டு, தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்தது.

1931 இன் தொடக்கத்தில் வில்ஸ் சென்னைத் திருவல்லிக்கேணியிலுள்ள சாதி மற்றும் கோஷா மகளிர் மருத்துவமனையில் பணியாற்றினார். ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாத பெண்களுக்காக மேரி ஷார்லீப்பின் முயற்சியால் 1885 இல் நிறுவப்பட்ட மருத்துவமனை இது. விடுதலைக்குப் பின் இது கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை எனப் பெயர் மாற்றப்பட்டது.

ஈஸ்ட் சாறு

வில்ஸ் இந்தியாவில் பணியாற்றிய காலத்தில் இரத்தசோகைக்கு ஈரல் உண்பது புதிய சிகிச்சையாக இருந்தது. அமெரிக்காவில் மைனாட், மர்ஃபி ஆகியோர் 1926 இல் இதனை வெளியிட்டனர். ஆனால் நாள்தோறும் பெருமளவு ஈரல் உண்பது எளிதன்று. ஈரல் சாறு விலை உயர்ந்தது. புலால் உண்ணாத பெண்கள் பலர் அதனை ஏற்கவும் மாட்டார்கள். ஏழைகளுக்கு எட்டக்கூடிய மருந்து ஒன்று தேவைப்பட்டது.

ஈஸ்டிலிருந்து செய்யப்படும் மார்மைட் என்னும் மலிவான உணவுப்பொருளை வில்ஸ் பயன்படுத்திப் பார்த்தார். கரிய நிறமும் உப்புச் சுவையும் கொண்ட இந்தப் பசை இலங்கையில் இன்றும் பல வீடுகளில் வெந்நீரில் கரைத்துக் குடிக்கப்படுகிறது. குறையுணவால் இரத்தசோகையுற்ற குரங்குகள் மார்மைட் கொடுத்ததும் தேறின. நோயுற்ற பெண்களுக்குக் கொடுத்தபோதும் அவ்வாறே நிகழ்ந்தது. மச்சையிலிருந்து புதிதாக வெளிவரும் இளம் செங்குருதியணுக்களின் எண்ணிக்கை முதலில் உயர்ந்தது; அதைத் தொடர்ந்து மொத்த அணுக்களின் எண்ணிக்கையும் கூடியது. இம்முடிவுகளை 1931 இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியிட்டார்.

வில்ஸ் காரணி

மார்மைட்டிலுள்ள எந்தப் பொருள் இவ்வாறு வேலை செய்கிறது என்பது அடுத்த கேள்வி. அப்போது அறியப்பட்டிருந்த உயிர்ச்சத்துக்கள் தனித்தனியே பயன்படவில்லை. தூய்மைப்படுத்திய ஈரல் சாற்றைச் செலுத்தினால், கருவுறாதவர்களைத் தாக்கும் உண்மையான கொடிய இரத்தசோகை குணமாயிற்று; வில்ஸின் நோயாளிகளோ குணமாகவில்லை. தூய்மைப்படுத்தாத ஈரல் சாறு மட்டுமே அவர்களுக்குப் பயன்பட்டது. சாற்றைத் தூய்மைப்படுத்தும்போது இவர்களுக்குத் தேவையான ஏதோ ஒன்று நீங்கிவிடுகிறது என்று வில்ஸ் முடிவு செய்தார். இதன்மூலம் ஒன்றாகக் கருதப்பட்ட இரு நோய்கள் வேறு வேறு என்பது தெளிவாயிற்று. முதல் நோய்க்கு வேண்டியது பின்னர் 1948 இல் பிரித்தெடுக்கப்பட்ட உயிர்ச்சத்து பி12.

1933 இல் இங்கிலாந்து திரும்பிய வில்ஸ், கிளட்டர்பக், இவான்ஸ் ஆகியோருடன் ஈரல் சாற்றைப் பல கூறுகளாகப் பிரித்துக் குரங்குகளில் சோதித்தார். 1937 இல் வெளிவந்த இவர்களுடைய கட்டுரை, அப்புதிய காரணி மற்றக் காரணிகளிலிருந்து வேறானது என்பதை நிறுவியது. 1937–38 இல் வில்ஸ் மீண்டும் பத்து வாரங்கள் ஹாஃப்கின் நிறுவனத்தில் ஆய்வு செய்தார். இம்முறை வானூர்தியில் பயணம் செய்து இந்தியா வந்தார்.

போலிக் அமிலம்

வில்ஸ் காரணியை வேதிப்பொருளாகப் பிரித்தெடுத்தவர்கள் வேறு அறிஞர்கள். குரங்குகள், கோழிக்குஞ்சுகள், பாக்டீரியாக்கள் ஆகியவற்றின் வளர்ச்சிக்குத் தேவையான ஒரு பொருளை வெவ்வேறு குழுவினர் வெவ்வேறு பெயர்களில் ஆராய்ந்து வந்தனர். 1941 இல் அமெரிக்காவில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் ஆகியோர் பசலைவகைக் கீரையிலிருந்து அதனைப் பிரித்தெடுத்து, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லிலிருந்து போலிக் அமிலம் என்று பெயரிட்டனர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையில் லெடர்லே ஆய்வுக்கூடக் குழுவினர் 1945 இல் அதனைச் செயற்கையாகத் தயாரித்தனர்.

எலும்பு மச்சையில் ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 20 இலட்சம் செங்குருதியணுக்கள் உருவாகின்றன. இவ்வளவு விரைவாகப் பிரியும் அணுக்களுக்கு டி.என்.ஏ. தொடர்ந்து தேவை. அதன் உறுப்பு ஒன்றை உருவாக்கப் போலிக் அமிலம் வேண்டும். அது குறைந்தால் அணுவின் உடல் வளரும், உட்கரு முதிராது, பிரிவும் தடைப்படும். இதனால் அணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் அளவில் பெருத்தும் காணப்படுகின்றன. கருவிலுள்ள குழந்தையின் வளர்ச்சிக்கும் இதே சத்து தேவைப்படுவதால் கருவுற்ற பெண்களிடம் குறைபாடு விரைவில் வெளிப்படுகிறது. கீரை, பயறு, ஈரல் ஆகியவற்றில் இச்சத்து மிகுதி. நெடுநேரம் கொதிக்க வைத்து நீரை வடித்துவிட்டால் பெரும்பகுதி அழிந்துவிடும்.

பிற்காலக் குருதியியலில் இடம்

மச்சைக்கு வேண்டிய பொருள் எது என்பது தெரிந்தபின், அதைத் தடுத்தால் என்ன ஆகும் என்ற கேள்வி எழுந்தது. சுப்பாராவின் குழுவினர் போலிக் அமிலத்தைப் போன்ற வடிவமும் அதற்கு எதிரான செயலும் கொண்ட அமினோப்டெரின் என்னும் மருந்தைத் தயாரித்தனர். பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் 1948 இல் அதனைக் குருதிப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்துத் தற்காலிக நிவாரணம் கண்டார். இவ்வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்சேட் இன்றும் பயன்பாட்டில் உள்ளது.

குருதியணுக்கள் அனைத்துக்கும் மூலமான குருத்தணுக்கள் பற்றிய ஆய்வு 1961 இல் புதிய கட்டத்தை அடைந்தது. கனடாவின் டொராண்டோ நகரில் டில், மெக்கல்லக் ஆகியோர், கதிர்வீச்சால் மச்சை அழிக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு வேறு சுண்டெலிகளின் மச்சை அணுக்களைச் செலுத்தினர். சில நாட்களில் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. குருதியணுக்களை உருவாக்கவல்ல மூல அணுக்கள் அவற்றுக்குக் காரணம் என அவர்கள் காட்டினர். மச்சையில் தங்கியிருக்கும் இக்குருத்தணுக்களை மருந்து கொடுத்துக் குருதியோட்டத்துக்கு வரச்செய்யலாம் என்பதும் பின்னர் தெரியவந்தது. குருத்தணு இடம்பெயர்த்தல் எனப்படும் இம்முறையால், இடுப்பெலும்பைத் துளைக்காமல் கையிலுள்ள நாளத்திலிருந்தே குருத்தணுக்களைச் சேகரிக்க முடிகிறது. தமிழ்நாட்டில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் 1986 இல் மச்சை மாற்றுச் சிகிச்சை தொடங்கப்பட்டது.

இவ்வாய்வுகளிலும் வில்ஸ் எதிர்கொண்ட சிக்கல் தொடர்கிறது. ஒரே மருந்துக்குச் சுண்டெலியின் ஒரு கிளையினத்தில் மிகுதியான குருத்தணுக்களும் மற்றொரு கிளையினத்தில் குறைவான குருத்தணுக்களும் குருதிக்கு வருகின்றன. வளர்ந்த சுண்டெலியின் மண்ணீரல் குருதியணுக்களை உருவாக்குகிறது. நலமாக உள்ள வளர்ந்த மனிதரின் மண்ணீரல் அவ்வாறு செய்வதில்லை. எனவே விலங்கில் கிடைக்கும் முடிவை மனிதருக்குப் பொருத்துமுன், அது விலங்கின் தனி இயல்பால் வந்ததா என்று பிரித்தறிய வேண்டியுள்ளது.

பிற்கால வாழ்க்கை

இரண்டாம் உலகப் போரின்போது வில்ஸ் அவசர மருத்துவப் பணியில் நோயியலாளராக இருந்தார். 1944 சூலையில் ராயல் ஃப்ரீ மருத்துவமனை குண்டுவீச்சுக்கு உள்ளாகிப் பணிகள் தடைப்பட்டன. போர் முடியும் காலத்தில் அங்கு நோயியல் துறையின் பொறுப்பை ஏற்று, அம்மருத்துவமனையின் முதல் குருதியியல் துறையை நிறுவினார். 1947 இல் ஓய்வு பெற்றார். அதன் பின்னரும் ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா ஆகிய நாடுகளுக்குச் சென்று ஊட்டச்சத்தையும் இரத்தசோகையையும் ஆராய்ந்தார். தொழிற்கட்சி சார்பில் செல்சி நகர்மன்ற உறுப்பினராகவும் இருந்தார். வில்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. 1964 ஏப்ரல் 16 அன்று தமது 75 ஆவது வயதில் காலமானார்.

தாக்கம்

இந்திய அரசு 1970 இல் தொடங்கிய ஊட்டச்சத்துக் குறை இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தின்கீழ், 60 மில்லிகிராம் இரும்புச்சத்தும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் கொண்ட மாத்திரைகள் கருவுற்ற பெண்களுக்கு வழங்கப்பட்டன. சென்னை மாநகர மருத்துவமனைகள் முதல் நாமக்கல் மாவட்டத்தின் கொல்லிமலை போன்ற மலைப்பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்கள் வரை இம்மாத்திரை இன்று விலையின்றிக் கிடைக்கிறது. எனினும் கருவுற்ற இந்தியப் பெண்களிடையே இரத்தசோகை இன்னும் பரவலாகவே உள்ளது. அதன் முதன்மைக் காரணம் இரும்புச்சத்துக் குறைபாடு ஆகும்.

1991 இல் பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றம் ஏழு நாடுகளில் நடத்திய சோதனையின் முடிவு வெளியானது. தண்டுவடக் குறையுள்ள குழந்தையை முன்னர் பெற்ற தாய்மார், கருவுறும் முன்பிருந்தே போலிக் அமிலம் உட்கொண்டால், அக்குறை மீண்டும் தோன்றும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைகிறது என்று அது காட்டியது. இதையடுத்துப் பல நாடுகள் மாவில் போலிக் அமிலம் சேர்க்கத் தொடங்கின.

லூசி வில்ஸின் பெயர் நெடுங்காலம் மருத்துவ உலகுக்கு வெளியே அதிகம் அறியப்படவில்லை. 2019 மே 10 அன்று, அவருடைய 131 ஆவது பிறந்தநாளில், கூகுள் நிறுவனம் தனது முகப்புப் பக்கத்தில் அவருடைய படத்தை வெளியிட்டு அவரை நினைவுகூர்ந்தது.